98 சதவீதம் பொருத்தமாம்!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம், வாங்க. அக்சஸ் கார்டு வேண்டாம், இன்றைக்கு நம்மை யாரும் தடுக்கப்போவதில்லை. சென்னை ஓ.எம்.ஆரில் தரமணி தொடங்கி சிறுசேரி வரை கண்ணாடிக் கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கின்றனவே, அவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு மாடியில், ஏசி கொஞ்சம் அதிகமாகவே குளிரும் ஓர் ஓரத்தில், ஒரு குழு உட்கார்ந்திருக்கும். ஆர்.எம்.ஜி. என்பார்கள், ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் குரூப். சில கம்பெனிகளில் பெயர் மாறும், வேலை மாறாது. யாருக்கு என்ன தெரியும், அவரைக் கொண்டுபோய் எந்த புராஜெக்ட்டில் உட்கார வைப்பது? ஆயிரக்கணக்கான பேரின் அடுத்த இரண்டு வருடங்கள் முடிவாகும் இடம் இதுதான்.

அந்தத் திரையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்! இடப்பக்கம் கேட்பவர்கள். ஒவ்வொரு வரியும் ஒரு ‘டிமாண்ட்’. அமெரிக்க இன்சூரன்ஸ் வாடிக்கையாளர், ஜாவா, ஸ்பிரிங் பூட், ஐந்திலிருந்து எட்டு வருட அனுபவம், சென்னை அல்லது கோவை, 15-ஆம் தேதிக்குள் ஆள் வேண்டும். வலப்பக்கம் கிடைப்பவர்கள். ஊழியர் எண், பிரைமரி ஸ்கில், செகண்டரி ஸ்கில், லெவல், ஊர், இப்போதைய புராஜெக்ட்டிலிருந்து ரிலீஸ் ஆகும் தேதி. மேலே ஒரு பட்டன். அதை அழுத்தியதும் பெயர்கள் பொலபொலவென்று கொட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை நிறத்தில் ஒரு சதவீதம். 98. 91. 87. முதல்முறை பார்ப்பவருக்கு மெய்சிலிர்க்கும். பத்தாம் முறை பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். நாம் வந்திருப்பது இரண்டுக்கும்தான்.

துணைக்கு ஓர் ஆர்.எம்.ஜி. அக்காவை வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒருவர் இல்லை. ஆனால் ஐ.டி.யில் இருப்பவர்கள் படித்தால் ‘அட, நம்ம ஆபீஸ் அக்கா!’ என்பார்கள். காதில் ஹெட்செட், மேஜையில் இரண்டு மானிட்டர், அவற்றுக்கு நடுவே முனை மடங்கிய ஒரு நோட்டுப்புத்தகம்.

முதல் ரகசியம் அந்த 98 பற்றியது. மிஷின் உண்மையிலேயே கில்லாடியாக இருந்து அந்த எண் வரும் நாட்களும் உண்டு. மற்ற நாட்களில் நடப்பது இது. டெலிவரி மேனேஜரின் மனதில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார். போன புராஜெக்ட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தாலும் எடுத்த ஆள். அவரேதான் வேண்டும். ஆனால் சிஸ்டத்தில் டிமாண்ட் போடாமல் யாரையும் அலொகேட் பண்ண முடியாது. ஆகவே நம்ம மேனேஜர் ஒரு ஜன்னலில் அந்த ஆளின் ப்ரொஃபைலைத் திறந்துவைத்துக்கொண்டு, மறு ஜன்னலில் ‘தேவைப்படும் திறன்கள்’ என்று நிதானமாகத் தட்டுகிறார். ஆறு வருடம் நான்கு மாதம்? தேவை, ஆறு வருடம். கூடவே காஃப்கா என்ற மென்பொருளும் கொஞ்சம் தெரியுமா? தேவை, காஃப்கா. பட்டனை அழுத்தியதும் மிஷின் பல்லாயிரம் பேரைச் சலித்து, அந்த ஒரே ஆளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, பெருமை பொங்க அறிவிக்கிறது: 98% பொருத்தம்! மீதி இரண்டு எங்கே போயிற்று என்பதுதான் ஆராய்ச்சிக்குரியது. அநேகமாக எழுத்துப்பிழை.

மனதில் ஆள் யாரும் இல்லாத டிமாண்ட் இதைவிட வேடிக்கை. பழைய ஜே.டி. (வேலை விவரக் குறிப்பு) ஒன்றை எடுத்து, மேலும் நான்கு பெயர்களைச் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். ஜாவா, பைத்தான், ஆங்குலர், ரியாக்ட், இரண்டு மூன்று கிளவுட், டெவாப்ஸ், கூடவே ‘சிறந்த தகவல்தொடர்புத் திறன்’. அனுபவம் நான்கு வருடம் போதுமாம். இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஃபாஸ்ட்ஏபிஐ என்று பைத்தானில் ஒரு கருவி இருக்கிறது. அதை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ் 2020 ஜூலையில் ட்விட்டரில் ஒரு விஷயம் போட்டார். ஒரு வேலை விளம்பரம் பார்த்தாராம். ஃபாஸ்ட்ஏபிஐ-யில் நான்கு வருட அனுபவம் கேட்டிருந்தார்களாம். அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை. ஏனென்றால் அதை அவர் உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது! பொருத்தம் பார்க்கும் மிஷினிடம் அவரைக் கொடுத்திருந்தால் என்ன மார்க் போட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சரி, இனி வலப்பக்கம். இது இன்னும் ருசி.

வலப்பக்கத்தில் இருக்கும் திறன்களை யார் எழுதினார்கள்? ஊழியர்களேதான். வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ‘உங்கள் ஸ்கில் ப்ரொஃபைலைப் புதுப்பிக்கவும்’ என்று ஒரு மெயில் வரும். திறக்கமாட்டார்கள். மறுபடி வரும். மூன்றாவது மெயிலில் மேனேஜரும் சிசியில் இருப்பார். அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கக் கலக்கத்தில், கீழிறங்கும் பட்டியலைத் திறந்து டிக் அடிப்பார்கள். ஒவ்வொரு திறனுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கேதான் மனிதர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். பதினைந்து வருடம் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டியவர் ‘நமக்கு என்ன பெரிசா தெரிஞ்சுடுச்சு’ என்று மூன்று போடுவார். மூன்று வார ட்ரெய்னிங் முடித்த தம்பி தயங்காமல் ஐந்து போடுவார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டன்னிங், க்ரூகர் என்ற இரு உளவியலாளர்கள் 1999-இல் இதைச் சோதித்தே காட்டினார்கள். தேர்வில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்கள், சராசரியாக நூற்றுக்கு 12-ஆம் படியில் நின்றுகொண்டு, தாங்கள் 62-ஆம் படியில் இருப்பதாக நினைத்திருந்தார்கள். முதல் வரிசைக்காரர்களோ தங்களைக் கொஞ்சம் குறைத்தே சொன்னார்கள். நம் ஸ்கில் ஃபார்மில் தினமும் நடப்பது இந்தச் சோதனைதான். அங்கே விடைத்தாளாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

“ப்ரொஃபைல்ல ஆங்குலர் நாலு போட்டிருக்கீங்களே, எந்த புராஜெக்ட்ல பண்ணீங்க?”

“ட்ரெய்னிங்ல பார்த்தேன் மேடம்.”

“பார்த்தீங்களா, பண்ணீங்களா?”

“பக்கத்து சீட் ப்ரோ பண்ணார், நான் பார்த்தேன் மேடம்.”

அக்கா போனை வைத்துவிட்டு நோட்டுப்புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொள்கிறார்.

கூட்டிச் சொல்பவர்களைப் பிடிப்பது சுலபம். மறைத்துவைப்பவர்கள்தான் கைகாரர்கள்! கோபோல் என்ற கணினி மொழியை 1959-இல் வடிவமைக்கத் தொடங்கினார்கள். உலகின் பல வங்கிகளின், இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கணக்குகள் இன்றும் அதில் ஓடுகின்றன. அதைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆகவே இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுத்த மூன்றாம் மாதம் ப்ரொஃபைலில் இருந்து அந்த வரி காணாமல் போகும்! காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை கோபோல் ஓடும் மெயின்ஃப்ரேமில் போய் உட்கார்ந்தால் எழுந்துவரும் வழி கிடைக்காது என்ற பயம். நைட் ஷிஃப்ட் சப்போர்ட் செய்த அனுபவத்துக்கும் இதே கதி. சில கருவிகளின் பெயரை எழுதினாலே ஷிஃப்ட் வேலை வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், நன்றாகத் தெரிந்தவரும் ஒன்றும் தெரியாதவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். உலகத்திலேயே ரெஸ்யூமேயில் திறமையை ஒளித்துவைக்கும் கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதை எழுதினால் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று தெரிந்த பிறகு, எல்லாவற்றையும் ஒப்பிப்பவன்தான் அப்பாவி.

அடுத்த அறை, அகராதி அறை. இங்கே சத்தம் இல்லை, தலைவலி மட்டும் உண்டு. ஜாவா என்று தேடினால் ஜாவாஸ்கிரிப்ட்காரர்களும் சேர்ந்து வந்து நிற்பார்கள். 1995-இல் வெளிவந்த இந்த இரண்டுக்கும் பெயரைத் தவிர பெரிய உறவு கிடையாது. ‘சி’ என்று ஒரு மொழி, ஒரே எழுத்து. ‘ஆர்’ என்று இன்னொன்று. ‘கோ’ என்று மூன்றாவது, ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. ஒற்றை எழுத்தைத் தேடச் சொன்னால் தேடுபொறி என்ன செய்யும் பாவம்! ஆங்கில ரெஸ்யூமேயில் அந்த எழுத்து இல்லாத வரியே இருக்காது. சி பிளஸ் பிளஸ்ஸில் இருக்கும் கூட்டல் குறிகளைக் குப்பை என்று நினைத்துத் துடைத்துவிட்டு, அந்த ஆளை வெறும் ‘சி’ ஆக்கிவிடும் பழைய சிஸ்டங்களும் இருந்தன. ஒரே கருவியை நான்கு பேர் நான்கு விதமாக எழுதினால், கம்பெனிக்கு நான்கு தனித்தனித் திறன்கள் கிடைத்துவிடும்.

இதற்காகவே உலகம் முழுக்க சிலர் திறன்களுக்கு அகராதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள், தெரியுமா? எவ்வளவு சந்தோஷமான பைத்தியக்காரத்தனம்! அமெரிக்கத் தொழிலாளர் துறை 1939-இலேயே தொழில்களுக்கு ஓர் அகராதி போட்டது. அதன் 1991 பதிப்பில் 12,000-க்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்தன. அதன் இடத்தில் இப்போது இருப்பது ஓ-நெட் என்ற இணையத் தொகுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்திடம் எஸ்கோ இருக்கிறது. சுமார் 3,000 தொழில்கள், 13,000-க்கும் மேற்பட்ட திறன்கள், எல்லாம் 28 மொழிகளில். பிரிட்டனில் பிறந்த ‘ஸ்ஃபியா’ என்ற சட்டகம் ஐ.டி. திறன்களை ஏழு படிகளாக அடுக்குகிறது. அதன் அழகு என்னவென்றால், அது ‘உனக்கு எவ்வளவு தெரியும்’ என்று கேட்பதில்லை, ‘எவ்வளவு பொறுப்பை உன்னிடம் ஒப்படைக்கலாம்’ என்று கேட்கிறது. முதல் படியில் இருப்பவர் சொன்னதைச் செய்பவர், ஏழாம் படியில் இருப்பவர் அமைப்புக்கே வழி வகுப்பவர். மேலே பார்த்த ஆங்குலர் தம்பி இதில் நான்காம் படி என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் யோசிப்பார்.

அகராதிக்குப் பக்கத்திலேயே புது அறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் தலைசுற்றும். இங்கே திறன்கள் வார்த்தைகளாக இல்லை, வெளியில் மிதக்கும் புள்ளிகளாக இருக்கின்றன! 2013-இல் கூகுளில் தோமாஷ் மிகொலோவும் கூட்டாளிகளும் வேர்ட்2வெக் என்ற முறையை வெளியிட்டார்கள். எந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து புழங்குகிறது என்பதை மட்டுமே வைத்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண்வரிசை கொடுப்பது அதன் வித்தை. இப்போது அந்த வித்தையின் பேரப்பிள்ளைகளிடம் லட்சக்கணக்கான ரெஸ்யூமேக்களைக் கொடுத்தால், பைத்தானின் டிஜாங்கோவும் ஃபிளாஸ்க்கும் தாமாகவே அருகருகே போய் உட்கார்ந்துகொள்கின்றன. டாப்லோ தெரிந்தவர் பவர் பிஐ-க்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று மிஷினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘இவருக்கு இது தெரியாது, ஆனால் ஆறு வாரத்தில் கற்றுக்கொள்வார்’ என்று ஒரு மிஷின் சொல்கிறது என்றால் அது சாதாரண விஷயமா? டிக் அடிக்கும் பட்டியலால் இது ஒருநாளும் முடிந்திருக்காது. அக்காகூட இந்த அறையில் மட்டும் மிஷினுக்கு மரியாதை கொடுப்பார்.

இனி நான் காட்டவேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்கும் அறை. சரக்கறை எல்லாம் தாண்டி, கட்டடத்தின் அடியில், கணக்கு.

இருபது பேர் பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல், காத்திருக்கிறார்கள்; இருபது இடங்கள் காலி. ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொருத்த மார்க் இருக்கிறது. எல்லோரையும் ஒரே சமயத்தில், மொத்த மார்க் அதிகபட்சமாக வரும்படி உட்கார வைக்க வேண்டும். தனித்தனியாக நல்ல ஜோடியாகப் பார்த்துக்கொண்டே போனால் மாட்டிக்கொள்வோம். முதல் ஆளுக்கு மிகச் சிறந்த இடத்தைக் கொடுத்துவிட்டால், அந்த ஓர் இடத்துக்கு மட்டுமே லாயக்கான பத்தாவது ஆள் நடுத்தெருவில் நிற்பார். சரி, எல்லா விதத்திலும் உட்காரவைத்துப் பார்த்துவிடலாம் என்றால்? பத்து பேர், பத்து இடம் என்றாலே 36,28,800 விதம். இருபது பேருக்கு ஏறத்தாழ 24,329 கோடி கோடி விதம்! நொடிக்கு நூறு கோடி வீதம் சரிபார்த்தாலும் 77 வருடம் ஆகும். அதற்குள் இருபது பேரும் ரிட்டயர்டு. டிமாண்ட் போட்ட மேனேஜரின் பேரன் டெலிவரி மேனேஜர்.

இந்த முடிச்சை 1955-இல் ஹரோல்ட் கூன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் அவிழ்த்தார். அவிழ்த்த கதையே ஒரு சினிமா. ஹங்கேரிக்காரர் யெனோ எகெர்வாரி 1931-இல் எழுதிய ஒரு கட்டுரையில் துப்பு இருப்பதாகக் கூனுக்குத் தெரியவருகிறது. கட்டுரையோ ஹங்கேரிய மொழியில். மனிதர் என்ன செய்தார்? ஓர் இலக்கணப் புத்தகத்தையும் ஒரு பெரிய அகராதியையும் எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்து அதை மொழிபெயர்த்தேவிட்டார்! அதிலிருந்து பிறந்த வழிமுறைக்குத் தன் பெயரை வைத்துக்கொள்ளாமல், எகெர்வாரிக்கும் இன்னொரு ஹங்கேரியரான டேனெஷ் கோனிக்குக்கும் மரியாதையாக ‘ஹங்கேரிய முறை’ என்று பெயர் வைத்தார். 1957-இல் ஜேம்ஸ் மங்க்ரெஸ் வந்து, ஆட்கள் பெருகினாலும் இந்தக் கணக்கு கட்டுக்குள் முடியும் என்று நிறுவினார். இருபதுக்கு இருபது எல்லாம் இன்றைய மடிக்கணினிக்குக் கண்சிமிட்டும் நேரம். அதோடு முடிந்ததா? 2006-இல் இன்னொரு குண்டு. ஜெர்மானியக் கணித மேதை யாக்கோபி, 1851-இல் இறந்துபோனவர், இதே கணக்கை எப்போதோ தீர்த்து லத்தீனில் எழுதிவைத்திருந்தது தெரியவந்தது. 1890-இலேயே அச்சாகியும் இந்தக் கண்கொண்டு யாரும் படிக்கவில்லை. ஓ.எம்.ஆரில் ஒரு பையனை கோயம்புத்தூர் புராஜெக்ட்டில் உட்கார வைக்கும் கணக்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒருவர் லத்தீனில் போட்டுவைத்திருக்கிறார். இதைக் கேட்டபின் ஒருவருக்கு உற்சாகம் வரவில்லை என்றால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

பெண் பார்க்கும் படலத்தை இதற்குள் கொண்டுவந்தவர்களும் உண்டு, அதுவும் கணிதவியலாளர்களே. கேல், ஷாப்லி என்ற இருவர் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் ஒரே கட்டுரையில் வைத்து, இரண்டு தரப்புக்கும் விருப்ப வரிசை இருக்கும்போது யாரும் ஓடிப்போக ஆசைப்படாத ஜோடிகளை எப்படிச் சேர்ப்பது என்று காட்டினார்கள். ஷாப்லிக்கும், அந்த வழியை நிஜ உலகில் வேலைசெய்ய வைத்த ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அமெரிக்காவில் இளம் டாக்டர்களை ஆஸ்பத்திரிகளில் சேர்ப்பது இந்த வகை முறையில்தான். அங்கே டாக்டரும் விருப்ப வரிசை கொடுக்கிறார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நம் திரையில் அந்தப் பத்தி இருக்கிறதா என்று கடைசி அறையில் பார்ப்போம்.

கூனுக்கே திரும்புகிறேன், ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன். அவருடைய அந்தக் கட்டுரையின் உதாரணமே ஆட்களும் வேலைகளும்தான். எடுத்த எடுப்பில் அவர் ஒரு நிபந்தனை வைக்கிறார்: இன்னாருக்கு இந்த வேலை எவ்வளவு வரும் என்ற மார்க் நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம், என்று. அதற்குப் பிறகு வரும் கணக்கில் ஒரு தூசு கிடையாது. ‘வைத்துக்கொள்வோம்’ என்ற அந்த இடத்தில்தான் பக்கத்து சீட் ப்ரோ ஆங்குலர் பண்ணுவதைப் பார்த்த தம்பி உட்கார்ந்திருக்கிறார். கோபோலை ஒளித்துவைத்த பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்.

கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. ‘நீங்கள் சொல்ல வேண்டாம், நாங்களே மோப்பம் பிடிக்கிறோம்’ என்று புதிய சிஸ்டங்கள் கிளம்பிவிட்டன. முடித்த டிக்கெட்டுகள், எழுதிய கோட், படித்த பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றையும் மோந்து, இவருக்கு இது தெரியும்போல் இருக்கிறது என்று மிஷினே ஊகிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் பயிற்சி வகுப்பு ரெக்கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ச் கடைசி வாரம் எந்த ஐ.டி. அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். வருடத்துக்கு இத்தனை மணிநேரம் கற்றாக வேண்டும் என்ற கணக்கை முடிக்க, இருநூறு மேஜைகளில் இருநூறு வீடியோக்கள் இரட்டை வேகத்தில், சத்தத்தை அணைத்துவைத்து, ஓடிக்கொண்டிருக்கும். மிஷின் கண்ணுக்கு அது ஓர் அறிவுத் திருவிழா!

மோப்பம் பிடிப்பதில் ஆபத்தும் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்க அமேசான் சோதித்துப் பார்த்த ஒரு மிஷின், பத்து வருடத்து ரெஸ்யூமேக்களைப் படித்துவிட்டு, பெண்கள் தொடர்பான சொல் கண்ணில் பட்டாலே மார்க்கைக் குறைக்கக் கற்றுக்கொண்டது. பழைய ரெஸ்யூமேக்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை, அவ்வளவுதான் காரணம். திட்டத்தை மூட்டைகட்டிய செய்தியை 2018-இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஒருவரின் நடத்தையையோ குணத்தையோ பார்த்து வேலையைப் பங்கிடும் சிஸ்டங்களை ‘அதிக ஆபத்து’ வகையில் வைத்திருக்கிறது.

இன்னொரு பக்கம், ஊழியரே உள்ளே கடை போட்டுக்கொள்ளும் சந்தைகள் வந்திருக்கின்றன. யூனிலீவரில் ‘ஃப்ளெக்ஸ் எக்ஸ்பீரியன்சஸ்’, ஷ்னைடர் எலெக்ட்ரிக்கில் ‘ஓபன் டேலன்ட் மார்க்கெட்’. இரண்டுக்கும் பின்னால் இருப்பது குளோட் என்ற கம்பெனியின் மென்பொருள். ஷ்னைடர் இதைத் தொடங்கிய காரணம் அருமை. விட்டுப் போகிறவர்களை ‘ஏன் போறீங்க’ என்று கேட்டால், உள்ளேயே என்ன வாய்ப்பு இருக்கிறது என்று தெரியவில்லை என்று ஏறத்தாழப் பாதிப்பேர் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து மாடியில் காலியிடம். அது தெரியாமல் பக்கத்துத் தெருக் கம்பெனிக்குப் போய்விடுகிறான் பிள்ளை.

உள்சந்தைக்கு எதிரி யார் தெரியுமா? நம் மேனேஜர்தான், அதே ராத்திரி இரண்டு மணி மேனேஜர். கையில் இருக்கும் நல்ல ஆளை அவர் விடமாட்டார். ரிலீஸ் தேதி ஜூன் 30 என்று சிஸ்டத்தில் இருக்கும். 28-ஆம் தேதி அது செப்டம்பர் 30 ஆகிவிடும். யாரை விட்டுத் தள்ளத் துடிக்கிறாரோ அவருடைய தேதி மட்டும் துல்லியமாக இருக்கும். ஆகவே திரையில் ‘உடனே கிடைப்பார்’ என்று பச்சையாக மின்னும் பெயரைப் பார்த்தால் அனுபவசாலிகள் முதலில் சந்தேகப்படுவார்கள். அதன் பிறகு ‘சாஃப்ட் பிளாக்’ யுத்தம். ஒரே ஆளை இரண்டு புராஜெக்ட் துண்டு போட்டு வைத்திருக்கும். எது முதலில் வாடிக்கையாளர் இன்டர்வியூவை முடிக்கிறதோ அதற்கே ஆள்.

இப்போது அந்த நோட்டுப்புத்தகம். அக்கா அதில் எழுதுவது எந்த சிஸ்டத்திலும் இல்லாதவை. ‘ஐந்து போட்டிருக்கிறார், உண்மையில் இரண்டு.’ ‘மூன்று போட்டிருக்கிறார், இவரை விடாதே.’ ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மதுரை என்றால் வருவார், புனே சொன்னால் பேப்பர் போட்டுவிடுவார்.’ ‘கோபோல் தெரியும், கேட்கவேண்டாம்.’ அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு அக்காவின்மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. இதையெல்லாம் சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றவே கூடாது என்பது என் கட்சி. தன் அம்மாவின் உடம்பு ஒரு பத்தியாக வடிகட்டப்படுவதை எந்தப் பிள்ளையும் விரும்பமாட்டான்.

சிரித்துக்கொண்டே வந்தோம், இந்த ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பெஞ்சில் இருக்கிறவருக்குத் தலைக்கு மேல் கடிகாரம் ஓடுகிறது. 2025 ஜூனில் டி.சி.எஸ். கொண்டுவந்த விதிப்படி, ஓர் ஊழியர் வருடத்தில் 225 நாட்கள் வாடிக்கையாளருக்கு பில் போடக்கூடிய வேலையில் இருக்க வேண்டும்; பெஞ்சில் இருக்கும் காலம் 35 நாட்களைத் தாண்டக் கூடாது. அடுத்த மாதமே, உலகெங்கும் உள்ள தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, ஏறத்தாழ 12,000 பேரை, அனுப்பப்போவதாக அறிவித்தபோது அந்நிறுவனம் சொன்ன காரணங்களில் முக்கியமானது திறன் பொருந்தாமை. ஸ்கில் மிஸ்மேட்ச். ஆர்.எம்.ஜி. திரைக்குள்ளேயே புழங்கிவந்த சொல் அன்று செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. முன்பு அந்த ஃபார்மைத் தூக்கக் கலக்கத்தில் நிரப்பினார்கள் என்றேன் அல்லவா? இப்போது அப்படி நிரப்ப முடியாது. ஆகவே இன்னும் கூடுதலாக ஐந்துகள் போடுவார்கள். இது எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. பயத்தில் எழுதுகிற மார்க்கைவிடத் தூக்கத்தில் எழுதுகிற மார்க் எவ்வளவோ யோக்கியமானது.

கடைசி அறைக்கு வந்துவிட்டோம். இதற்கு மட்டும் அட்மின் லாகின் வேண்டும், அக்காவிடமே கிடையாது. ஓசைப்படாமல் எட்டிப் பாருங்கள். மொத்த மாளிகையையும் ஆட்டிவைப்பது இந்தச் சின்னத் திரைதான்! கீழிருந்து மேலே நகர்த்தக்கூடிய ஆறேழு குமிழ்கள். திறனுக்கு எவ்வளவு எடை. அனுபவத்துக்கு எவ்வளவு. ஊருக்கு, கிடைக்கும் தேதிக்கு, ஆளின் சம்பளச் செலவுக்கு எவ்வளவு. பச்சை நிறச் சதவீதம் இந்தக் குமிழ்கள் சொல்லும் எடைப்படி கூட்டிய தொகை, வேறொன்றும் இல்லை. காலாண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது தேதியும் செலவும் மேலே ஏறும், திறன் தன்னால் கீழே இறங்கும். திங்கள்கிழமை 90 வாங்கியவர் செவ்வாய்க்கிழமை 71 வாங்குவார். ராத்திரியோடு ராத்திரியாக அவர் எதையும் மறந்துவிடவில்லை. அவருக்கு நான்கு வருட அனுபவம் கூடுதல், ஆகவே விலை கூடுதல். கூனின் கணக்கு இரண்டு நாளும் பிசிறில்லாமல் ஓடியிருக்கும்.

வரிசையின் கடைசியில் ஒரு குமிழ் இருக்கிறதே, பார்த்தீர்களா? ‘விருப்பம்’. இந்த ஆள் என்ன வேலை செய்ய ஆசைப்படுகிறார் என்பதற்கான எடை. இளம் டாக்டர்களுக்கு வாய்த்த அந்தப் பத்தி இங்கேயும் இருக்கத்தான் செய்கிறது! மென்பொருள் விற்றவர்கள் மறக்காமல் வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது பூஜ்யத்தில் நிற்கும், அதோடு சாம்பல் நிறத்தில் இருக்கும், இழுத்தால் நகராது. நகர்த்தித் தாருங்கள் என்று ஐ.டி. ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் போடலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிக்கெட்டில் ‘பிரயாரிட்டி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன தேர்ந்தெடுத்து அனுப்பினாலும், திரும்பி வரும் மெயிலில் ‘லோ’ என்று இருக்கும்.